அமைதிப் பரிசும் அணு ஆயுதமும்

அரசுகளுக்கிடையே இறுதியில் செல்லுபடியாவது படைவலிமையே என்பது எதார்த்தவாதம். சட்டமும் ஒத்துழைப்பும் போரைத் தடுக்க இயலும் என்பது தாராளவாதம். வல்லரசுமல்லாத, சிறு நாடுமல்லாத நடுத்தர நாடொன்று இவற்றுள் எதைப் பின்பற்றும்? கனடாவின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1956-இல் சூயஸ் நெருக்கடியின்போது, ஐ.நா. படையை அனுப்பும் யோசனையை முன்வைத்தவர் கனடா வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன். அதற்காக 1957-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அவரே 1963-இல் பிரதமரானதும், அமெரிக்க அணு ஆயுதங்களைக் கனடா மண்ணில் நிறுத்த இசைந்தார். அவை முற்றிலும் அகற்றப்பட்டது 1984-இல்தான்.

1997-இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 122 நாடுகள் ஒட்டாவாவில் கையெழுத்திட்டன. அதற்கு முன்னின்றவர் வெளியுறவு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி. அவர் பதவியில் இருந்தபோதே, 1999-இல், ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் ஒப்புதலின்றி யூகோஸ்லாவியா மீது நேட்டோ நடத்திய குண்டுவீச்சில் கனடா விமானங்கள் பங்கேற்றன. ஆனால், 2003-இல் அத்தகைய ஒப்புதல் இல்லாத இராக் போரில் சேர கனடா மறுத்தது.

இதை இரட்டை வேடம் என்பாருண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. வல்லரசு விதிகளை மீறியும் வாழ்ந்துவிடும். நடுத்தர நாட்டுக்கு விதிகளே அரண். எனவே, சட்டத்தை வலியுறுத்துவது அதன் தன்னலமும்கூட. எனினும், அக்குரல் அமெரிக்கப் பாதுகாப்புக் குடையின்கீழ் நின்று எழுந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கனடாவை 51-ஆவது மாநிலமாக்குவது பற்றி அமெரிக்க அதிபரே பேசிய 2025-இல், பாதுகாப்புச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதமாக உயர்த்த ஒட்டாவா முடிவெடுத்தது. விதிகளைக் காக்க விரும்பும் நாடு, அதற்கான செலவையும் தானே ஏற்க வேண்டிய காலம் இது.