கணினிக்குள் புகுந்த தேநீர்க் குடுவை

பூண்டுலோயா மலைச்சரிவுகளில் பறிக்கப்படும் கொழுந்து, வாட்டி உருட்டி நொதிக்க விட்டு உலர்த்திய பின், தேயிலையாகிக் கடல் கடந்து செல்கின்றது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கை மலைநாட்டில் தொடங்கிய வாணிபப் பயிர் அது. அவ்விலை ஊறும் குடுவை ஒன்று கணினி வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டது என்பதைத் தோட்டங்களில் அறிந்தோர் சிலரே.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்ற ஆய்வாளர், 1974இல், கணினியில் வரைந்து பார்க்கத் தக்க ஒரு பொருளைத் தேடினார். கோளமும் கனசதுரமும் மிக எளியவை. தேநீர் அருந்தும் வேளையில், வீட்டிலுள்ள குடுவையையே வரையலாமே என்றார் அவர் மனைவி சாண்ட்ரா. நல்ல யோசனைதான்! வளைந்த வயிறு, துளையுள்ள கைப்பிடி, நீண்ட மூக்கு. தன் நிழலைத் தன்மீதே வீழ்த்தும் பொருள் அது. தோட்ட மக்கள் அடுப்பில் ஏற்றும் கேத்தலுக்கு இதை ஒன்றுவிட்ட உறவு எனலாம். நியூவெல் அதனைக் கட்டக் காகிதத்தில் வரைந்து, வளைவுகளை எண்களாக மாற்றினார். அவ்வெண்களைப் பிறருக்குத் தடையின்றி வழங்கினார். ஒளியையும் நிழலையும் தீட்டும் புதிய முறை எதுவாயினும், அக்குடுவையைக் கொண்டே சோதித்துப் பார்ப்பது ஆய்வாளர் வழக்கமாயிற்று. 1995இல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி' திரைப்படத்திலும் அது தலைகாட்டுகின்றது.

இலவசமாய்ப் பரவிய இத்தகைய உருவங்கள் பின்னர் விலைச்சரக்காயின. 2000ஆம் ஆண்டு நியூ ஓர்லியன்ஸ் நகரில் தோன்றிய டர்போஸ்குவிட் நிறுவனம், நாற்காலி முதல் விமானம் வரை முப்பரிமாண உருவங்களை இணையத்தின் வழியே விற்றது. உருவத்தைச் செய்தவர் ஒரு பங்கு பெறுவார். சந்தை நடத்துபவர் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். பாரிஸில் பிறந்த ஸ்கெட்ச்ஃபாப் நிறுவனம், 2021இல் எபிக் கேம்ஸ் வசமான போது, தான் பிடித்துக்கொள்ளும் பங்கை நூற்றுக்கு 30இலிருந்து 12ஆகக் குறைத்தது. கொழுந்து நிறுக்கும் தராசின் முன் நின்று பழகிய மலைநாட்டவர்க்கு இந்தப் பங்குக் கணக்கின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

உருவத்தை வாங்கினாற் போதாது. அதற்கு ஒளியூட்டிப் படமாக்க வேண்டும். ஒரு கணினி பல நாள் செய்யும் அவ்வேலையை நூற்றுக்கணக்கான கணினிகளுக்குப் பகிர்ந்தளித்துக் கட்டணம் பெறும் நிலையங்களும் இணையத்தில் உள்ளன. அவற்றிற்கு அவர்கள் இட்ட பெயர் 'பண்ணை' என்பது வேடிக்கைதான்.

நியூவெல் வீட்டுக் குடுவை இப்பொழுது கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. கணினித் திரையில் கண்டு பழகியவர்கள் அதை நேரில் காணும்போது வியப்படைகின்றனர். ஜிம் பிளின் என்பவர் முன்னொரு நாள் படத்தில் அதன் உயரத்தைக் குறைத்துவிட்டார். மெய்யான குடுவையோ சற்று நெட்டையானது.