பன்ராட்டி விருந்தில் ஒலிக்காத மொழி

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலுள்ள பன்ராட்டிக் கோட்டை 'இடைக்கால விருந்து'க்குப் பெயர்பெற்றது. பகலில் கோட்டையைச் சுற்றிப் பார்க்கலாம். மாலையில் தேன்மது, இறைச்சி, யாழிசை, பாட்டு. முட்கரண்டி தருவதில்லை, அக்காலத்தவரைப் போலக் கத்தியாலும் விரல்களாலும் உண்ண வேண்டும்.

ஆனால் இவ்விருந்தின் வயது குறைவு. 1425ஆம் ஆண்டையொட்டி மக்நமாரா குடியினர் கட்டிய கோட்டை, பின்னர் ஓ'பிரையன்களிடம் சென்றது. பாழடைந்து கிடந்த அதனை 1954இல் கோர்ட் பிரபு வாங்கினார். புதுப்பிக்கப்பட்டு 1960இல் திறக்கப்பட்டது. விருந்து தொடங்கியதோ 1963இல். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அருகிலுள்ள ஷானன் நிலையத்தில் இறங்கிவந்தன. நெடுந்தொலைவு பறக்கும் ஜெட் விமானங்கள் வந்தபின் அத்தேவை குறைந்தது. பயணிகளை அங்கே தங்கவைக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது; இடைக்காலம் அக்காரணங்களுள் ஒன்றாயிற்று.

இதனாலேயே விருந்தைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. கோட்டைக்கு உயிரும் வட்டாரத்தார்க்கு வருவாயும் தந்த ஏற்பாடு அது. என் கேள்வி மொழியைப் பற்றியது. ஓ'பிரையன் தலைவர்களின் அவையில் புலவர்கள் புகழ் பாடியதும் குடிவழி உரைத்ததும் ஐரிஷ் மொழியில். இன்று விருந்தை நடத்தும் மொழி ஆங்கிலம். இடையில் பதினேழாம் நூற்றாண்டில் ஐரிஷ் குடித்தலைமைகள் வீழ்ந்தன. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சம் அம்மொழி பேசிய ஏழைகளையே மிகுதியும் கொன்றது, நாடுகடந்து போகச் செய்தது.

முட்கரண்டியை அகற்றுவதில் உள்ள கண்டிப்பு மொழியில் இல்லை. விருந்தினர்க்குப் புரியும் கடந்தகாலமே மேடையேறுகிறது. மரபுச் சுற்றுலாவை ஆய்வோர் மேசைமேல் வைக்கப்பட்டவற்றோடு, அவையிலிருந்து நீங்கிய குரலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.