மருத்துவ ஆய்வாளர் பயிற்சி: துணைச் செயல்பாடுகள்

நோயாளிக்குச் சிகிச்சையளிக்கவும் நோயை ஆராயவும் ஒருசேரப் பயிலும் மாணவர்க்குப் பாடத்திட்டத்துக்கு வெளியே அமையும் ஆய்வுப்பணி, ஆய்விதழ் வாசிப்பு வட்டம், கருத்தரங்கு முதலியவை துணைச் செயல்பாடுகள் எனப்படும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1964இல் மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் சேர்ந்த இரட்டைப் பட்டப் பயிற்சிக்கு நிதியளிக்கத் தொடங்கின. இந்தியாவில் இதற்கு நெருக்கமானது, எம்.பி.பி.எஸ். மாணவர்க்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1979இல் தொடங்கிய இரண்டு மாத ஆய்வுத் திட்டம்.

இத்தகைய பயிற்சிக்குப் பெருநகர ஆய்வகம் இன்றியமையாதது என்ற கருத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலை வட்டாரம் மறுக்கிறது. அருகிலுள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் 1920களில் பணியேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், அன்று தென்திருவிதாங்கூர் எனப்பட்ட இப்பகுதியில் மிகுந்திருந்த முன்சிறுகுடல் புண்ணுக்கு அறுவை செய்துகொண்டே அதன் காரணங்களையும் ஆராய்ந்தார். 1948இல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றி நூலும் எழுதினார். ஆய்வுக் கேள்வி அங்கு வார்டிலிருந்தே எழுந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணல் உமிழும் இயற்கைக் கதிர்வீச்சும் அவ்வாறே உள்ளூரில் கிடைக்கும் ஆய்வுப்பொருள்.

தேர்வுச் சுமைக்கிடையே, மேற்கூறிய கவுன்சில் திட்டத்தின் இரண்டு மாதத்தில் ஆய்வாளர் உருவாகார் என்ற ஆட்சேபம் ஓரளவு சரியே. ஆயினும் கேள்வியை வரையறுத்தல், நெறிமுறை ஒப்புதல் பெறுதல், தரவு திரட்டுதல் ஆகிய மூன்றும் அக்காலத்துக்குள் பழகத்தக்கவை. இவற்றைப் பழக, 2001இல் ஆசாரிபள்ளத்தில் தொடங்கிய கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியே இவ்வட்டார மாணவர்க்கு அண்மையிலுள்ள அரசுப் பயிற்சிக்களம்.