மது என்னும் ஒரு சொல்

உலர்ந்த திராட்சையும் இனிய திராட்சை மதுவும் ஒரே கொடியில் தோன்றியவை. ஆயினும் அவற்றின் இயல்பு வேறு. வெயில் கனியின் நீரைக் கவர்ந்துகொள்ள, சர்க்கரை எஞ்சுகிறது. கனி பல திங்கள் கெடாதிருக்கிறது. மதுவிலோ, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றின் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது; மாறாது எஞ்சும் சர்க்கரையே அதன் இனிப்பு. கனியை முதலில் உலர்த்தி, பின்னர்ப் பிழிந்து இனிய மது செய்யும் முறையும் பண்டே இருந்தது. கார்த்தேஜ் நகரத்து மாகோ கூறிய அம்முறையை உரோமானியராகிய கொலுமெல்லா தம் வேளாண்மை நூலில் குறித்துள்ளார்.

இவ்வேற்றுமையை நம் முன்னோர் அறிந்திருந்தனரா? விடை தரும் ஏடு மைசூரில் வெளிப்பட்டது. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றை 1905-ஆம் ஆண்டு மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார். அதுவே கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் எனக் கண்ட ஆர். சாமசாஸ்திரியார், 1909-இல் அதனைப் பதிப்பித்தார்; 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் நூலாக வந்தது.

அந்நூல் திராட்சையை மூன்று இடங்களில் பேசுகிறது. பயிர்த்தொழில் பகுதியில், வெள்ளம் பரவும் நிலம் திராட்சைக் கொடிக்கு உகந்தது என்கிறது. பண்டசாலைப் பகுதியில், தேனீயின் தேனையும் திராட்சைச் சாற்றையும் 'மது' என்னும் ஒரே பெயரால் குறிக்கிறது. கள் வகைகளைக் கூறும் பகுதியில், திராட்சைச் சாற்றாலாகிய மது, பிறந்த நாட்டால் காபிசாயனம், ஹாரஹூரகம் எனப் பெயர் பெறும் என்கிறது. காபிசி என்பது இன்றைய காபூலுக்கு வடக்கே இருந்த நகரம். பாணினியின் இலக்கணத்திற்கு எழுந்த காசிகை உரையும் காபிசியின் மதுவையும் காபிசியின் திராட்சையையும் தனித்தனியே எடுத்துக்காட்டுகிறது.

ஆகவே பழைய நூலில் 'மது' எனக் கண்டவுடன் தேன் என்றோ கள் என்றோ முடிவு செய்தல் தகாது. இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும். பொருள் தவறினால், ஒரு நாட்டின் உணவும் வாணிகமும் வரியும் நமக்குப் பிழையாகத் தோன்றும்.

மண்ணில் கிடைக்கும் சான்றும் இவ்வாறே வேறுபடும். உலர்கனி உண்ணப்பட்டு மறையும். மதுவோ சாடியை விட்டுச்செல்லும். யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் பருகியதை நக்கீரர் புறநானூற்று 56-ஆம் பாட்டில் பாடினார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில், மத்தியதரைக் கடல் நாடுகளின் இருபிடிச் சாடிகள் கிடைத்தன. பாட்டும் சாடியும் ஒன்றற்கொன்று துணை நிற்கின்றன.

தஞ்சை ஓலை மைசூரில் அச்சேறியமையாலன்றோ உலகம் அதனைப் படித்தது? பிறந்த மண்ணைவிட்டு வாழும் நமக்கு இஃது ஓர் இனிய செய்தி. நம் இல்லங்களில் பழைய சுவடி எதுவும் உறங்குமாயின், அருகிலுள்ள நூலகத்திற்கு அதனைக் காட்டுவோமாக.