எலெக்ட்ரிகல் கடை வயரும் ஷோரூம் கேபிளும்

தளியில் வீட்டு ஸ்டீரியோ வைப்பவருக்கு ஸ்பீக்கர் வயர் வாங்க இரண்டு வழி உண்டு. ஓசூர் எலெக்ட்ரிகல் கடையில் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் மீட்டர் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். எல்லை தாண்டி பெங்களூரு ஷோரூமுக்குப் போனால், ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்று சொல்லி ஒரு ஜோடி கேபிளுக்குப் பல ஆயிரம் கேட்பார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பல இழைகள் கொண்ட 2.5 வயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 7.98 ஓமைத் தாண்டக் கூடாது என்பது தரவிதி. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர், தடை 0.08 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது நூற்றில் ஒரு பங்கு. ஒலி 0.1 டெசிபல்கூடக் குறையாது. ஆக்சிஜன் நீக்கிய செம்பு சாதாரண மின்செம்பைவிட ஏறத்தாழ 1 சதவீதம்தான் கூடுதலாக மின்சாரம் கடத்தும். அந்த 1 சதவீதமும் இந்த 0.08 ஓமிலிருந்துதான் கழிய வேண்டும்!

தடிமன் குறைந்தால் கதை வேறு. 0.5 வயரில் அதே தூரத்துக்குத் தடை 0.39 ஓம், இழப்பு 0.4 டெசிபல். ஸ்பீக்கரின் தடை சுருதிக்குச் சுருதி மாறுவதால், இந்த இழப்பும் எல்லாச் சுருதியிலும் ஒரே அளவாக இருக்காது. மிருதங்கத்தின் தொப்பிக்கும் வயலினின் மேல்ஸ்தாயிக்கும் இடையிலான சமநிலை நகரத் தொடங்குவது இங்கேதான்.

காது என்ன சொல்கிறது? 1983-இல் அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழ், எந்தக் கேபிள் ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் சோதித்தது. விலை உயர்ந்த கேபிளையும் சாதாரண 16 கேஜ் வயரையும் இசை கேட்டுப் பிரித்தறிய முடியவில்லை. ஷோரூமில் விலைச்சீட்டைப் பார்த்தபடி கேட்கும்போது கண்ணும் சேர்ந்தே தீர்ப்பு எழுதுகிறது. அதைச் சோதனை என்று நான் ஏற்க மாட்டேன். சரியான சோதனையை வீட்டிலேயே செய்யலாம்: ஒருவர் நாணயம் சுண்டி, மறைவில் வயரை மாற்றட்டும், ஒலியளவும் பாட்டும் மாறக் கூடாது. 16 முறையில் 12 சரியாகச் சொன்னால் மட்டுமே வித்தியாசம் கேட்கிறது என்று நம்பலாம். வெறும் ஊகத்தில் அப்படி அமைய 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு.

ஷோரூம் கேபிளுக்கு உறுதியான பிளக்கும் நல்ல மேலுறையும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கவலைப்பட வேண்டியது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயரைப் பற்றித்தான். அது செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவே மின்சாரம் கடத்தும். இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 2.5 செம்பு வயரை வாங்கி, சிவப்பு, கறுப்பு முனைகளை இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி இணையுங்கள். ஒன்று மாறினாலும் அடிநாதம் கரைந்துவிடும். மிச்சமாகும் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள்.