எந்த வாக்கியம் முதலில்? ஆங்கில இலக்கணப் பாடம் படிநிலை பெற்ற வரலாறு

இந்தியப் பள்ளிகளில் ஆங்கில இலக்கணம் நெடுங்காலம் விதிகளாகவே கற்பிக்கப்பட்டது. ஜே. சி. நெஸ்ஃபீல்டின் நூல்களிலும் பின்னர் வந்த ரென் - மார்ட்டின் நூலிலும் சொல்வகைகள் ஒவ்வொன்றாக விளக்கப்பட்டன: முதலில் வரையறை, பிறகு எடுத்துக்காட்டு, கடைசியில் பயிற்சி. தொடக்க மாணவர் எந்த வாக்கிய அமைப்பை முதலில் சந்திக்க வேண்டும், எது நான்கு ஆண்டுகள் காத்திருக்கலாம் என்ற கேள்விக்கு அவற்றில் இடமில்லை.

அந்தக் கேள்வியை முறையாக எடுத்துக்கொண்டவர்களில் முதன்மையானவர் ஹெரால்டு பாமர். 1916இல் அவர் வெளியிட்ட மாற்று அட்டவணைகளைத் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் இன்றும் 'சப்ஸ்டிட்யூஷன் டேபிள்' என்றே சொல்கிறார்கள். மூன்று கட்டங்களில் நான்கு நான்கு சொற்களை எழுதி, கட்டத்துக்கு ஒன்றாக எடுத்துக் கோத்தால் 64 வாக்கியங்கள் கிடைக்கும், அமைப்பு ஒன்றுதான். பாமர் 1922இல் ஜப்பான் சென்றார். மறுஆண்டு டோக்கியோவில் ஆங்கிலக் கல்வி ஆய்வு நிறுவனம் தொடங்கியது.

அங்கே அவருடன் பணியாற்றிய ஏ. எஸ். ஹார்ன்பி, வினைச்சொற்களை அவை ஏற்கும் அமைப்பைக் கொண்டு வகைப்படுத்தினார். 'வான்ட்' என்னும் வினைக்குப் பின் 'டு கோ' வரும்; 'சஜெஸ்ட்' என்பதற்குப் பின் அது வராது. இத்தகைய வேறுபாட்டை எந்தப் பொது விதியும் சொல்லித் தராது என்பதால், 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அவருடைய அகராதி வினைகளுக்கு அமைப்பு எண்ணையே குறித்துக் காட்டியது. கற்பவரின் தடுமாற்றத்தை இவ்வளவு நெருக்கமாகக் கவனித்த அகராதிகள் அதற்குமுன் அரிது. வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், கற்பவருக்கு எந்தச் சொற்கள் முதலில் தேவை என்று தேர்ந்தெடுத்தார்; ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட அவருடைய பட்டியல் 1953இல் வந்தது.

இரு முயற்சிகளும் சேர்ந்த இடம் 1950களின் சென்னை மாநிலம். பாடத்திட்டம் 'ஸ்ட்ரக்சர்'களின் வரிசையாக மாற்றி எழுதப்பட்டது. எளிமை, பயன்பாட்டின் பரப்பு, வகுப்பறையில் காட்டிப் புரியவைக்க முடிவது ஆகியவை வரிசையைத் தீர்மானித்தன. 'திஸ் இஸ் எ புக்' முதலில் வந்தது. ஆசிரியர் கதவை நோக்கி நடந்தபடியே 'ஐ ஆம் வாக்கிங்' என்று சொல்லிக் காட்டலாம். தினசரி வழக்கத்தைக் குறிக்கும் 'ஐ வாக்' என்பதை அப்படிக் காட்ட முடியாது. ஆகவே நிகழ்காலத் தொடர்வினை முன்னே வந்தது. செயப்பாட்டு வினையும் நிபந்தனை வாக்கியங்களும் மேல்வகுப்புகளுக்குப் போயின. எளிது என்று வைக்கப்பட்ட முதல் வாக்கியமே தமிழ்க் குழந்தைக்கு இரட்டைச் சுமை என்பதையும் சொல்ல வேண்டும்: 'இது புத்தகம்' என்பதில் 'இஸ்'ஸும் இல்லை, 'எ'யும் இல்லை.

இம்முறையைத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோக 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தேவைப்பட்டது. முதலில் சிறு குழு பயின்று, அது அடுத்த குழுக்களைப் பயிற்றுவித்தது. உருள உருளப் பெருகும் பனிப்பந்தை ஒத்ததால் இத்திட்டம் 'மெட்ராஸ் ஸ்னோபால்' எனப் பெயர்பெற்றது. கிராமத்து ஆசிரியர் வரை ஒரு கற்பித்தல் முறையைச் சேர்க்க முயன்ற துணிவு மதிக்கத்தக்கது.

ஆயினும் வகுப்பில் பிழையின்றி வந்த வாக்கியங்கள் வெளியே பேசும்போது மாணவருக்குக் கைகொடுக்கவில்லை. ஆங்கிலக் கல்வியாளர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்ப் பள்ளிகளில் அமைப்பு வரிசையையே கைவிட்டுப் பார்த்தார். ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு மாணவர்கள் கணக்கிட்டு விடை கண்டனர். கருத்தில் மனம் ஊன்றும்போது இலக்கணம் தானே உருவாகும் என்பது அவர் கொள்கை. பின்னர் நடந்த மதிப்பீட்டில் அமைப்பு முறையில் பயின்றோர் அமைப்புத் தேர்வில் முந்தினர். கற்றதைப் பயன்படுத்தும் தேர்வுகளில் பிரபுவின் மாணவர்கள் முந்தினர். வென்றவர் யார் என்பதைவிட, இரு பயிற்சிகளும் வெவ்வேறு திறன்களை வளர்த்தன என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

ஐரோப்பாவும் இதற்குள் அமைப்புகளைவிடப் பயன்பாட்டை முன்வைக்கத் தொடங்கியிருந்தது. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளை வகுத்தது. கற்பவர் என்ன செய்ய வல்லவர் என்பதையே அது விவரித்தது, ஆங்கில அமைப்புகளைப் பட்டியலிடவில்லை. அந்த வேலையைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பின்னர் மேற்கொண்டனர். தேர்வெழுதியோரின் விடைகளைத் திரட்டி, எந்த நிலையினர் எந்த அமைப்பை உண்மையில் கையாள்கிறார்கள் என்று அவர்கள் பார்த்தனர். அந்தத் தொகுப்பில் ஒரே அமைப்பு பல நிலைகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. நேற்று நடந்ததைச் சொல்லத் தொடக்க நிலையினர் பயன்படுத்தும் இறந்தகாலத்தையே, மேல்நிலையினர் இப்போது ஒன்றைப் பணிவாகக் கேட்கவும் பயன்படுத்துகிறார்கள்.