"வசதி இருந்தால் போடலாம்": மார்பகப் புற்றுநோயின் விலை மிகுந்த மருந்துகள் கடந்து வந்த வரலாறு

மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்க்கும் குடும்பங்களில் ஒரு கட்டத்தில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. அறுவை முடிந்திருக்கும், கீமோ தொடங்கியிருக்கும். அப்போது மருத்துவர், "வசதி இருந்தால் இந்த ஊசியையும் சேர்த்துப் போடலாம்" என்பார். நிலத்தை விற்பதா, நகையை அடகு வைப்பதா என்ற பேச்சு மருத்துவமனை வராந்தாவிலேயே தொடங்கிவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்ததால், பழைய மாணவர்கள் சிலர் தங்கள் அம்மாவுக்காகவோ அக்காவுக்காகவோ என்னிடமும் இதைக் கேட்டிருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்ற முறையில், இந்த "வசதி இருந்தால்" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அதற்கு இரண்டு பொருள் இருப்பது அப்போதுதான் விளங்கியது. பயன் சிறிது, ஆகவே கட்டாயம் இல்லை என்பது ஒன்று. பயன் பெரிது, ஆனால் விலை உங்களுக்கு எட்டாது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம்.

தமிழகத்தின் புற்றுநோய் மருத்துவ வரலாறு எங்கள் ஊரோடு தொடர்புடையது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 சூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புகளுக்கு இடையே மன்னரின் அனுமதியால் சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கை புற்றுநோயால் இறந்த துயரம் அவரை விட்டு அகலவில்லை. இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் வற்புறுத்தி, நன்கொடை திரட்டினார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் இயங்கத் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். பணம் இல்லை என்பதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்புவதில்லை என்பது அங்கு தொடக்கம் முதல் இருந்த கொள்கை.

அந்தக் கொள்கையைக் காப்பது அன்று ஓரளவு எளிதாக இருந்தது. அறுவையும் கதிர்வீச்சும்தான் முதன்மை மருத்துவம். பின்னர் வந்த மருந்துகளும் மலிவானவையே. 1976இல் இத்தாலியின் மிலான் நகரில் போனதோன்னா குழுவினர், அறுவைக்குப் பின் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று வெளியிட்டனர். சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட், ஃபுளோரோயுராசில் ஆகியவை அம்மூன்றும். ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டிகளுக்குக் கொடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை இன்றும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை 5 ஆண்டுகள் விடாமல் உட்கொண்டால், அந்நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மலிவான மாத்திரைதானே என்று அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, விலை உயர்ந்த ஊசிக்குக் கடன் தேடுவோரை நான் பார்த்திருக்கிறேன். விலையை வைத்தே மருந்தை மதிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு.

நிலைமையை மாற்றியது ஒரே ஒரு மருந்து என்று சொல்லலாம். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறிக் காணப்படும். அவ்வகை நோய் விரைந்து பரவும். அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனின் நீண்டகால ஆய்வு இதில் முதன்மையானது. அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு அதன் செயலைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதன் வணிகப் பெயர் ஹெர்செப்டின். முதலில் உடலெங்கும் பரவிய நோய்க்கே அது தரப்பட்டது. தொடக்க நிலை நோயிலும் அது பயன் தருகிறது என்ற முடிவுகள் 2005இல் வெளிவந்தன. ஹெரா என்ற பன்னாட்டு ஆய்வின் நெடுங்காலக் கணக்குப்படி, 10 ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பாமல் இருந்தோர் மருந்து பெறாதவர்களில் 100க்கு 63 பேர், ஓராண்டு பெற்றவர்களில் 69 பேர். முதற்கட்ட முடிவுகள் வந்தபின், மருந்து பெறாதிருந்த பலரும் அதைப் பெற்றுக்கொண்டனர். எனவே உண்மை வேறுபாடு இதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். இது சிறிய பயன் அன்று.

ஆனால் விலை? இந்தியாவில் 440 மில்லிகிராம் குப்பி ஒன்று ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி விற்றது. மூன்று வாரத்துக்கு ஒன்று என ஓராண்டில் 17 அல்லது 18 ஊசிகள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் 2008ஆம் ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இம்மருந்து தேவைப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே அதைப் பெற்றது தெரியவந்தது. நாட்டின் முதன்மையான புற்றுநோய் மருத்துவமனையிலேயே இதுதான் நிலை என்றால், ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் இருந்து சென்றவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? பணக்கார நாடுகளிலும் இச்சிக்கல் இருந்தது. இங்கிலாந்தின் சுவிண்டன் நகரப் பெண் ஒருவர், உள்ளூர் சுகாதார அமைப்பு இம்மருந்தைத் தர மறுத்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2006 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் போராட்டம் வேறு வடிவம் எடுத்தது. 2012 மார்ச்சில், சிறுநீரக மற்றும் கல்லீரல் புற்றுநோய்க்கான நெக்சாவர் மருந்துக்கு நாட்டின் முதல் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. காப்புரிமை வைத்திருப்பவர் மறுத்தாலும் வேறொரு நிறுவனம் அம்மருந்தைத் தயாரிக்க அரசு தரும் அனுமதி அது. மாதம் சுமார் 2,80,000 ரூபாய் ஆன அம்மருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது. அதே ஆண்டு டிராஸ்டுசுமாப் விலையைக் குறைக்க வேண்டும் என்று பெண்கள் அமைப்புகளும் நோயாளிகளும் இயக்கம் தொடங்கினர். நடுவண் அரசும் கட்டாய உரிமம் பற்றிப் பரிசீலித்தது. 2013 ஆகஸ்டில் ரோச் நிறுவனம் இந்தியாவில் தன் காப்புரிமையைத் தொடர்வதில்லை என்று விலகிக்கொண்டது. 2014 தொடக்கத்தில் பெங்களூரின் பயோகான் நிறுவனம் கான்மாப் என்ற பெயரில் நிகர் மருந்தை வெளியிட்டது. 440 மில்லிகிராம் குப்பியின் விலை 57,500 ரூபாய். ரோச் நீதிமன்றம் சென்றும் விற்பனை நிற்கவில்லை. மேலும் பல நிறுவனங்கள் வந்தன, விலை தொடர்ந்து இறங்கியது. 2015இல் உலக நலவாழ்வு அமைப்பு தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் டிராஸ்டுசுமாபைச் சேர்த்தது.

அதாவது, 2008இல் "வசதி இருந்தால்" என்று சொல்லப்பட்ட மருந்து 2015இல் "இன்றியமையாதது" ஆனது. இந்த இடைவெளியில் நோய் மாறவில்லை. மருந்தின் மூலக்கூறும் மாறவில்லை.

விலை ஒருபுறம் இறங்க, எத்தனை மாதம் போட வேண்டும் என்ற கேள்வி மறுபுறம் எழுந்தது. மேலே சொன்ன ஹெரா ஆய்வில் இரண்டாண்டு பெற்றவர்களிலும் அதே 69 பேர்தான். இரண்டாம் ஆண்டின் செலவு எந்தப் பயனும் தரவில்லை. அப்படியானால் ஓராண்டையும் குறைக்கலாமா? பிரெஞ்சு ஆய்வு ஒன்று ஆறு மாதம் போதும் என்று நிறுவ இயலாமல் போனது. இங்கிலாந்தில் சுமார் 4,000 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான பெர்செபோன் ஆய்வில், 4 ஆண்டுகளுக்குப் பின் நோயின்றி இருந்தோர் ஓராண்டுக் குழுவில் 89.8 விழுக்காடு, ஆறு மாதக் குழுவில் 89.4 விழுக்காடு. இதயப் பாதிப்பால் ஊசியை நிறுத்த நேர்ந்தவர்கள் முன்னதில் 8 விழுக்காடு, பின்னதில் 3 விழுக்காடு. ஓராண்டு என்பதே இன்றும் பொதுவான அளவு. எனினும் ஓராண்டுக்குப் பணம் இல்லை என்பதால் ஒரு ஊசியும் வேண்டாம் என்று ஒதுங்கும் குடும்பம், குறைந்த காலத் திட்டம் பற்றி மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். யாரிடமும் சொல்லாமல் நான்காவது ஊசியோடு நின்றுவிடுவது வேறு, முதலிலேயே பேசித் திட்டமிடுவது வேறு. ஹெர்-2 சோதனையில் எதிர்மறை என்று வந்தவர்களுக்கு இந்த மருந்து தேவையே இல்லை. ஆகவே வராந்தாப் பேச்சுக்கு முன் எடுத்துப் பார்க்க வேண்டியது திசு ஆய்வு அறிக்கை. சோதனை 2+ என்று இருந்தால் ஃபிஷ் என்னும் மறுசோதனை செய்த பிறகே முடிவு தெரியும்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கீமோவுக்கு மறுநாள் வெள்ளணுக்களைக் கூட்டப் போடும் பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசி எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. காய்ச்சலோடு வெள்ளணு குறையும் வாய்ப்பு 20 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள மருந்துத் திட்டங்களில், முதல் சுற்றிலிருந்தே போடச் சொல்கிறார்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் வயதும் உடல்நிலையும் பார்த்து முடிவெடுப்பார்கள். இதற்கு மாற்றாக நாள்தோறும் போடும் ஃபில்கிராஸ்டிம் பழைய மருந்து, விலையும் குறைவு. எலும்புக்கான சோலெட்ரோனிக் அமிலத்தின் கதை நேர்மாறானது. மாதவிடாய் நின்ற பெண்களில் இவ்வகை மருந்துகள் 10 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் இறப்பை 18.0 விழுக்காட்டிலிருந்து 14.7 ஆகக் குறைக்கின்றன என்று, பல ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. காப்புரிமை முடிந்துவிட்ட மலிவான ஊசி அது, பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது. போடுவதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், தாடை எலும்பைப் பாதிக்கும் அபாயம் சிறிது உண்டு. இதைப் பற்றி என்னிடம் கேட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2017இல்தான் வந்தது. அதற்கு முன் பெரிய நோய் என்றால் தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இல்லையேல் அடையாறு. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். பழைய மாணவர் ஒருவர் நகையை அடகு வைத்து மூன்று ஊசி போட்ட பிறகே காப்பீட்டு அட்டையைப் பற்றிக் கேட்டார். தன் அம்மாவுக்கு எழுதிய மருந்து அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே விசாரிக்க யாரும் சொல்லவில்லை என்றார்.

இந்த வரலாறு முடிந்துவிடவில்லை. கீமோ கட்டத்தைத் தாண்டி, பரவிய நோய்க்குத் தரப்படும் ரைபோசிக்லிப் மாத்திரை இன்று அன்றைய ஹெர்செப்டின் இருந்த இடத்தில் இருக்கிறது. கேரளத்தில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவருக்கு அம்மருந்துக்கு மட்டும் மாதம் 58,140 ரூபாய் ஆனது, குடும்பத்தின் மாத வருமானமோ 74,400 ரூபாய். கட்டாய உரிமம் கோரி அவர் 2022இல் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். தீர்ப்பு வருமுன் அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். பொதுநலன் கருதி நீதிமன்றம் அவ்வழக்கைத் தானாகவே எடுத்துத் தொடர்ந்து நடத்தியது.